கூப்பிடாமல் வந்து நிற்கும் என்எஃப்எஸ்டி

வணக்கம் நேயர்களே. லினக்ஸ் சர்வர் ஒன்றை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். ஏதோ வேலையாக, ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பி.எஸ். கமாண்டை அடித்தால், சதுர அடைப்புக்குறிக்குள் வரிசையாக எட்டு முறை 'என்எஃப்எஸ்டி' என்று வருகிறது. ஃபைல் ஷேரிங் எதையும் நீங்கள் போட்டதாக நினைவில்லை. வயிறு கலங்கத்தான் செய்யும். அதற்காக உடனே கில் கமாண்டுக்குப் போய்விடாதீர்கள். முதலில் அது யார் பெற்ற பிள்ளை என்று பாருங்கள்.

ஒரு கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்களை நெட்வொர்க் வழியாக மற்ற கம்ப்யூட்டர்களும் பயன்படுத்த உதவும் முறைதான் என்எஃப்எஸ்; 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்தது. லினக்ஸில் அதன் சர்வர் வேலையை, சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலே செய்கிறது; அதன் பெயர்தான் என்எஃப்எஸ்டி. அந்த எட்டு வரியும் கெர்னலின் த்ரெட்டுகள். கமாண்ட் வரி என்று ஒன்று அவற்றுக்கு இல்லாததால் பி.எஸ். பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டுக் காட்டுகிறது. எந்த போர்ட் திறந்திருக்கிறது என்று எஸ்.எஸ். கமாண்டில் தேடினால் என்எஃப்எஸ்ஸின் போர்ட்டான 2049 இருக்கும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகப் பார்த்தாலும் அதற்கு நேரே ப்ராசஸ் பெயர் இருக்காது. பலர் மிரண்டுபோவது இந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான். அந்த போர்ட்டில் காது கொடுத்திருக்கும் சாக்கெட் கெர்னலின் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அடைப்புக்குறியை மட்டும் நம்பிவிடவும் கூடாது. திருட்டு நிரல்கள் தம் பெயரையே அப்படி மாற்றிக்கொள்ளும். பெற்றோர் எண்ணைப் பாருங்கள்: கெர்னல் த்ரெட் என்றால் அது 2, அதாவது கெர்னல் த்ரெட்டுகளைப் பெற்றெடுக்கும் கேத்ரெட்டி. பிறகு ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குள் போய் 'எக்ஸ்இ' என்ற இணைப்பை ரூட்டாகப் பாருங்கள். கெர்னல் த்ரெட்டுக்கு அது எங்கும் போகாது. அது டெம்ப் அடைவில் உள்ள ஒரு ஃபைலைக் காட்டினால், உங்கள் பயம் நியாயமானது.

என்எஃப்எஸ்ஸின் கூட்டாளி ஒருவர் உண்டு: எந்த சர்வீஸ் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்லும் ஆர்பிசிபைண்ட். அவர் விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். 111-ஆம் போர்ட்டில் உட்கார்ந்திருக்கும் ஆசாமி. சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சிஸ்டம்சிடிஎல் கமாண்டைக் கொண்டு நிறுத்தினேன், பட்டியலில் இல்லை, நிம்மதியாக எழுந்து போனேன். திரும்பி வந்தால் மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது! நிறுத்தியபோதே திரையில் ஓர் எச்சரிக்கை வந்திருந்தது, நான்தான் படிக்கவில்லை. சர்வீஸ் நின்றாலும் அதன் சாக்கெட்டை சிஸ்டம்டி திறந்தே வைத்திருக்கிறது. யாராவது 111-ஐத் தட்டினால் சர்வீஸ் எழுந்துவிடும். இரண்டையும் சேர்த்து நிறுத்தி, மறுபடி எழ முடியாதபடி மாஸ்க் செய்த பிறகுதான் அடங்கியது.

சரி, இந்த ஆர்பிசிபைண்ட் நாம் கூப்பிடாமல் எப்படி வந்தது? டெபியன் வகை சிஸ்டங்களில், வேறொரு சர்வரின் ஃபோல்டரை மவுண்ட் செய்ய, அதாவது நம் சிஸ்டத்தோடு இணைத்துக்கொள்ள, என்எஃப்எஸ்-காமன் பேக்கேஜைப் போட்டாலே ஆர்பிசிபைண்டும் கூட வரும். வந்த கையோடு ஓடவும் தொடங்கிவிடும். பேக்கேஜ்களைப் போடும் ஏபிடியின் லாகைப் புரட்டினால் எந்த நாளில் எதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் குற்றவாளி நாம்தான்!

என்எஃப்எஸ்டி நிஜமானதுதான் என்று தெரிந்தபின், நிறுத்துவதற்கு முன் ஈடிசி அடைவில், எந்த ஃபோல்டர்கள் பகிரப்படுகின்றன என்று சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். 2049-இல் இணைப்பு ஏதாவது உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருக்கும்போதே நிறுத்தினால், அந்த முனையில் ஹார்ட் மவுண்ட் (சர்வர் பதில் தரும்வரை விடாமல் காத்திருக்கும் வகை) செய்திருக்கும் இயந்திரத்தில் அந்த ஃபைல்களைத் தொடும் ப்ராசஸ்கள் பதிலுக்காகக் காத்து 'டி' நிலையில் உறைந்துவிடும். எனவே முதலில் அங்கே அன்மவுண்ட் செய்யச் சொல்லுங்கள்; பிறகு இங்கே நிறுத்தலாம்.