டௌ புரதம் எந்த வழியில் பரவுகிறது? அல்சைமர் மூளையின் இரண்டு படங்கள்

[திரையில்: பழைய நுண்ணோக்கி, 1906]

ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் 1906 நவம்பரில் கூடிய மருத்துவர்கள் முன்பு, அகஸ்தே டேட்டர் என்ற பெண்மணியின் மூளையில் தாம் கண்டவற்றை அலாய்ஸ் அல்சைமர் விவரித்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டான படிவுகளும் உள்ளே முறுக்கிய இழைகளும் இருந்தன. முன்னது அமிலாய்டு பீட்டா என்ற புரதம், பின்னது டௌ என்ற புரதம் என்று இன்று அறிகிறோம். ஆனால் இறந்தபின் மூளையைச் சீவிப் பார்த்தால்தான் அவை தெரியும் என்ற நிலை ஒரு நூற்றாண்டு நீடித்தது.

[திரையில்: பெட் ஸ்கேன் படம்]

உயிருள்ளவரின் மூளையில் அமிலாய்டைக் காட்டிய முதல் பெட் படங்களில் ஒன்று, பிட்ஸ்பர்க் சேர்மத்தைக் கொண்டு 2002இல் ஸ்வீடனின் உப்சாலாவில் எடுக்கப்பட்டது. 16 நோயாளிகளையும் ஒப்பீட்டுக்கு 9 பேரையும் கொண்ட அந்த ஆய்வு 2004இல் வெளியானது. ஊசி வழியே செலுத்தப்படும் அச்சேர்மம் படிவுகளில் ஒட்டிக்கொள்ள, அதிலுள்ள கதிரியக்க கார்பன்-11 உமிழும் பாசிட்ரான் (நேர்மின்னூட்டம் கொண்ட துகள்) அருகிலுள்ள எலக்ட்ரானோடு சேர்ந்து அழிந்து, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்களாக வெளிவருகிறது. அவற்றைக் கொண்டு கருவி இடத்தைக் கணக்கிடுகிறது. கார்பன்-11இன் அரை ஆயுள் 20 நிமிடமே என்பதால், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். டௌவைக் காட்டும் இதேபோன்ற சேர்மமான ஃப்ளோர்டௌசிபிர் 2020இல்தான் அமெரிக்க அனுமதி பெற்றது.

[திரையில்: ஒன்றாக ஏறி இறங்கும் இரண்டு கோடுகள்]

மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பைக் காட்டும் இரண்டாவது படம் வேறு வகை. ஒருவர் எதுவும் செய்யாமல் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருக்கும்போதும் மூளைப் பகுதிகளின் ரத்த ஆக்ஸிஜன் அளவு மெல்ல ஏறி இறங்குகிறது. எவை சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவோ அவை தொடர்புடையவை எனக் கொள்ளப்படுகின்றன. பரத் பிஸ்வாலும் உடன் ஆய்வாளர்களும் இதை 1995இல் காட்டினர். உண்மையில் இது நரம்பிழைகளைப் பார்ப்பதல்ல, ஒத்திசைவை அளப்பது மட்டுமே; 'இணைப்பு' என்ற சொல் நம்மைச் சற்று ஏமாற்றிவிடுகிறது.

[திரையில்: இரண்டு படங்களும் ஒன்றின்மேல் ஒன்று]

நாம் ஓய்ந்திருக்கையில் சுறுசுறுப்பாகும் பகுதிகளின் வலையமைப்பில் அமிலாய்டு மிகுதியாகப் படிகிறது. டௌவோ பெரும்பாலும் நினைவுக்கு வாயிலான என்டோரைனல் புறணியில் தொடங்குகிறது. நினைவிழப்போடு நெருங்கிப் பொருந்துவதும் டௌதான். அது அடுத்து எங்கே சேரும் என்பதை, தொடங்கிய இடத்திலிருந்து உள்ள தொலைவைவிட அவ்விடத்தோடு உள்ள ஒத்திசைவே நன்றாக முன்னுரைப்பதாக 2020இல் வெளியான ஆய்வுகள் காட்டின. பக்கத்துக் கிராமத்தை விட்டுவிட்டு, ரயில் நிற்கும் தூரத்து ஊருக்குத் தொற்று முதலில் போவதைப் போன்றது இது. இணைப்பு வழியே டௌ நகர்வதை 2012இல் எலிகளில் நேரடியாகவே கண்டனர். மனிதரில் இருப்பது பொருத்தம் மட்டுமே, நிரூபணம் அல்ல.

படத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஃப்ளோர்டௌசிபிர், டௌ இல்லாத கோராய்டு பின்னலிலும் (மூளைத் திரவத்தைச் சுரக்கும் திசு) ஒட்டிக்கொள்கிறது. அப்பின்னல் ஹிப்போகாம்பஸை ஒட்டியே இருப்பதால், நினைவுக்கு மிக முக்கியமான அந்த இடத்தின் அளவீட்டையே ஆய்வாளர்கள் பல நேரங்களில் ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது.