தராசு சொன்ன விதி

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, அறிவியல் மன்றத்தைக் கட்டிக்காத்துவரும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, நாற்காலியும் ஒலிபெருக்கியும் தந்துதவிய பெற்றோர் ஆசிரியர் கழகப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

வேதிவினையில் மொத்த எடை கூடாது, குறையாது என்னும் பொருண்மை அழியா விதி, வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்தல், தொழிற்சாலையில் அவற்றின் பயன் என மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்றார்கள் நம் முன்னோர். மூன்றுக்கும் அதுவே திறவுகோல்.

1774ஆம் ஆண்டு. பாரிஸ் நகரம். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் கண்ணாடிக் குடுவையில் வெள்ளீயத்தைப் போட்டார். வாயை உருக்கி அடைத்தார். எடை பார்த்தார். பிறகு சூடாக்கினார். வெள்ளீயம் உருகியது, மேலே பொடி படிந்தது. இதே போன்ற சோதனையை ஒரு நூற்றாண்டுக்கு முன் செய்த அறிவியலாளர் ராபர்ட் பாயில், குடுவையைத் திறந்த பிறகே எடை பார்த்தார். எடை கூடியிருந்தது. நெருப்புத் துகள்கள் கண்ணாடியைத் துளைத்து உள்ளே போய்விட்டன என்று முடிவுகட்டினார். எவ்வளவு பெரிய மேதை! லவாய்சியரோ திறக்கவில்லை. ஆறும்வரை பொறுத்திருந்து, மூடியபடியே தராசில் வைத்தார். எடை மாறவில்லை, அன்பர்களே! அதன்பிறகுதான் திறந்தார். வெளிக்காற்று உஸ்ஸென்று உள்ளே பாய்ந்தது. அப்போதுதான் எடை கூடியது. உலோகம் காற்றில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டிருந்தது, அந்த இடத்தை நிரப்ப வந்த காற்று இது. சொன்னது யார்? தராசு! ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

சமன்பாட்டுக்கு வருகிறேன். இரண்டு மூலக்கூறு ஹைட்ரஜனும் ஒரு மூலக்கூறு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு மூலக்கூறு நீர். எடையில் சொன்னால், 4 கிராம் ஹைட்ரஜனும் 32 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்து 36 கிராம் நீர். ஆக்சிஜன் கணக்கு இடிக்கிறதே என்று H₂O என்னும் நீரின் வாய்பாட்டுக்குள் ஆக்சிஜனுக்கு 2 என்று செருகினால் அது H₂O₂, அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற வேறு பொருள் ஆகிவிடும். எண்ணை வாய்பாட்டுக்கு முன்னால்தான் போட வேண்டும். பிள்ளைகள் இதை ஒப்பிக்கிறார்கள். எடை போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

சோடியம் சல்பேட்டுக் கரைசலையும் பேரியம் குளோரைடுக் கரைசலையும் மூடிய குடுவைக்குள் கலந்தால் வெள்ளை வீழ்படிவு, அதாவது நீரில் கரையாத பொடி வரும், எடை மாறாது. ஒரு பாடவேளை போதும். ஆனால் தராசு வேண்டுமே! ஒவ்வொரு அரசுப் பள்ளி ஆய்வகத்திலும் மின்னணுத் தராசு ஒன்று இருக்க வேண்டும், அதுவும் பூட்டிய அலமாரிக்குள் அல்ல, மாணவர் மேசைமேல். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, அளக்கும் கருவியைத் தராமல் இருப்பது என்ன நியாயம்?

தொழிற்சாலைச் செய்தியை நேரம் கருதி விடுகிறேன். கல்வித் துறைக்கு அனுப்பும் கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. ஊராட்சி மன்றத் தலைவர் அவர்கள் முதல் கையெழுத்திட்டுத் தொடங்கிவைக்க வேண்டும் என்று பணிவோடு அழைக்கிறேன்.