கடலுக்குப் போனவரு வரல்ல

(நாகர்கோவிலில், கதை எழுதத் தொடங்கியிருக்கும் கல்லூரி மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

காலையில் வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கி ஒரு சாயா குடிக்க நின்றேன். எதிர்ச்சுவரில் இரண்டு அஞ்சலி போஸ்டர்கள். ஒன்றில் 'இறைவனடி சேர்ந்தார்', இன்னொன்றில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. சாயா ஆற்றிக்கொண்டிருந்தவர் யாரிடமோ போனில், "நம்ம தெருப் பெரியவரு மவுத்தாயிட்டாரு, மதியம் அடக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று பேருக்கும் நடந்தது ஒன்றுதான். ஆனால் முதலாமவர் ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டாமவர் தூங்குகிறார், எழுவார் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மூன்றாவது சொல் அரபியில் நேராகவே சாவைக் குறிப்பது. ஆனாலும் அந்தத் தெருக்காரர் காதில் அது 'செத்துட்டாரு' என்று விழாது. மரியாதையோடுதான் விழும்.

இது புதுப் பழக்கம் இல்லை. செத்தாரைத் துஞ்சினார் என்று சொல்வதை மங்கல வழக்கு என்று நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ எழுதிவைத்துவிட்டார்கள். துஞ்சுதல் என்றாலும் தூங்குதல்தான். 'நித்திரையடைந்தார்' என்று போஸ்டர் அடித்தவர் இலக்கணம் படித்திருக்க வேண்டியதில்லை. மொழி அவரிடம் தானாக வந்து சேர்ந்திருக்கிறது.

அதற்காக 'செத்தான்' கெட்ட சொல் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கதையில் ஒரு பெண், இருபது வருடம் தன்னை அடித்தவனைப் பற்றிப் பேசும்போது "காலமானார்" என்று சொன்னால் அந்தக் கதை அங்கேயே படுத்துவிடும். அவள் "செத்தான்" என்றுதான் சொல்வாள். இல்லை, ஊரார் முன்னால் "போயிட்டாரு" என்று சொல்லி, அடுப்படியில் தனியாக இருக்கும்போது "செத்தான்" என்பாள். 'ஆர்' போய் 'ஆன்' வந்த இடத்தில் இருபது வருடமும் தெரிந்துவிடும். தனியாக ஒரு பத்தி எழுதி விளக்க வேண்டாம்.

சரி, அதே கடையில் கிடந்த பேப்பருக்கு வருவோம். 'விபத்தில் இருவர் பலி.' இந்தத் தலைப்பை நாம் தினமும் படிக்கிறோம். பலி என்பது கொடுப்பது. கோயிலில் கொடுத்தார்கள், சாமிக்குக் கொடுத்தார்கள். சாலை விபத்தில் யார், யாருக்குக் கொடுத்தது? கேட்டால் தலைப்பில் இடம் இல்லை, இரண்டு எழுத்தில் முடிகிறது என்பார்கள். அது உண்மையான காரணம்தான். ஆனால் இடம் மிச்சம் பிடிக்கிற சொல் வேறொன்றையும் சேர்த்து மிச்சம் பிடிக்கிறது. வண்டியை ஓட்டியவர் யார், சாலை எப்படி இருந்தது, இதெல்லாம் அந்த இரண்டு எழுத்துக்குப் பின்னால் போய்விடுகிறது.

இதையே இன்னொரு சொல் இதைவிட மோசமாகச் செய்ததை நம் மாவட்டம் பார்த்திருக்கிறது. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கமிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் புயலுக்கு முன்பே கிளம்பிப் போனவர்கள். அடுத்த நாட்களில் செய்திகளில் 'மீனவர்கள் மாயம்' என்று வந்தது. மாயம்! மந்திரவாதி கைக்குட்டையை மறைத்தால் அது மாயம். கள்வன் தப்பி ஓடினாலும் பேப்பரில் 'மாயம்' என்றுதான் போடுகிறார்கள். புயல் எச்சரிக்கை கடலில் இருந்தவர்களுக்கு ஏன் போய்ச் சேரவில்லை, தேடுவதற்கு எப்போது போனார்கள் என்று கரையில் நின்று ஜனங்கள் தொண்டை வற்றக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்தச் சொல்லிலோ கேள்விக்கே இடமில்லை. போனவர்கள் தாங்களாகவே மறைந்துபோன மாதிரி இருக்கிறது.

அரசாங்கக் கோப்பில் வேறு சொல்: 'காணாமல் போனவர்'. இதுவும் சும்மா இல்லை. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது சட்டத்தின் பொது விதி. அப்படியென்றால் கோப்பில் இருப்பது 'இறந்தவர்' என்ற சொல்லா, 'காணாமல் போனவர்' என்ற சொல்லா என்பதைப் பொறுத்து ஒரு வீட்டின் பேங்க் கணக்கும் பட்டாவும் அசையும், அல்லது அசையாது. சொல்லைத் தேர்ந்தெடுப்பது அழகுக்காக மட்டும் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அப்புறம், அந்த வீட்டுக்குள்ளே இருந்த சொல். புயல் முடிந்து சில மாதம் கழித்து ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அம்மா என்னிடம் இறந்துட்டார் என்றும் சொல்லவில்லை, காணோம் என்றும் சொல்லவில்லை. "கடலுக்குப் போனவரு வரல்ல" என்றார். அவ்வளவுதான். அந்த 'வரல்ல'வைப் பல வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தமிழில் 'வரவில்லை' என்றால் நேற்று வரவில்லை என்றும் ஆகும், இன்னும் வரவில்லை என்றும் ஆகும். முடிந்துபோனதா, முடியாததா என்று அந்தச் சொல் பிரித்துச் சொல்லாது. 'வரமாட்டார்' என்றிருந்தால் கதவு சாத்தியாகிவிட்டது. அந்த அம்மா சாத்தவில்லை. வாசலில் அவருடைய வலை சுருட்டியபடியே கிடந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

2004 டிசம்பர் 26-ம் தேதியை எழுத வந்தபோதும் இதே பாடுதான். கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. மணக்குடிப் பாலத்தின் கான்கிரீட் தளங்களையே தூக்கி எறிந்த அலை அது. அதற்கு என்ன பெயர் வைப்பது? 'சுனாமி' ஜப்பானியச் சொல், துறைமுக அலை என்று பொருள். அதைவிடத் தமிழில் சொல்லலாமே என்று 'ஆழிப்பேரலை' வந்தது. நல்ல சொல், அளவைச் சொல்கிறது. ஆனால் தூரத்தில் நின்று பார்க்கிறவர் சொல்கிற சொல். நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது, கடல்கோள். கோள் என்றால் கொள்ளுதல். சிலப்பதிகாரத்தில் 'குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள' என்று வரும். அலையின் உயரத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. குமரி மலையைக் கடல் எடுத்துக்கொண்டது. எடுத்தவர் யார், எடுக்கப்பட்டது எது என்று இரண்டும் அந்த வரியில் நிற்கிறது. கொடிய என்று பொருள்படும் 'கொடு' என்ற ஒரு துண்டுதான் கோபம். அதற்கு மேல் கவிஞர் கத்தவில்லை. கரையில் உள்ளவர்களிடம் கேட்டால் "கடல் ஏறி வந்துட்டு" என்பார்கள். அதிலும் கடல்தான் எழுவாய்.

ஒரு பழைய வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் என் பாட்டியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். 'பாட்டி மரச்சீனி அவித்துத் தந்தாள்' என்று இருந்தது. ஆசிரியர் சிவப்பு மையில் 'மரச்சீனி'யை அடித்து 'மரவள்ளிக்கிழங்கு' என்று எழுதினார். 'எனக்கு நல்ல ஓர்மை உண்டு' என்பதை 'எனக்கு நன்றாக நினைவிருக்கிறது' ஆக்கினார். தப்பு இல்லாத வாக்கியம்தான். ஆனால் அந்தக் கிழங்கிலிருந்து ஆவி வரவில்லை, காந்தாரி மிளகும் உப்பும் அரைத்த வாசம் வரவில்லை. ஓர்மை கொச்சை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஓர்தல் நல்ல பழந்தமிழ்ச் சொல், குறளிலேயே 'ஓர்ந்து' இருக்கிறது. அந்த நோட்டைக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். "இது யாருக்க பாட்டி மக்கா?" என்று கேட்டாள்.

வட்டாரச் சொல்லை அள்ளிப் போட்டால் போதும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பாத்திரம் ஒரு வங்கி மேலாளராக இருந்து, வேலை நேரத்தில் கடன் மறுக்கிறார் என்றால் அவர் 'பரிசீலிக்க இயலாது' என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லின் குளிர்ச்சிதான் அங்கே வேண்டியது.

நான் பேசியது போதும். உங்கள் கதைகளைக் கொடுத்திருக்கிறீர்கள், மேலே இருப்பதிலிருந்து தொடங்குவோம். முதல் பக்கத்தில் 'அம்மை கதவைத் திறந்தாள்' என்று இருக்கிறது. நான்காம் பக்கத்தில் அதே ஆள் 'தாயார்' ஆகிவிட்டாள், ஆஸ்பத்திரி வந்தவுடன். அங்கே நர்சிடம் மகன் பேசுகிறான் என்பதால் மாறியதா, இல்லை கை தானாக மாற்றிவிட்டதா? எழுதியவர் யாரோ, எழுந்து சொல்லுங்கள்.