சுத்தியலும் திசைகாட்டியும்

நேயர்களுக்கு வணக்கம். பழைய ரயில் பாலங்களின் இரும்புத் தூலங்களில் வரிசை வரிசையாகக் குமிழ்கள் புடைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரிவிட் ஆணிகளின் தலைகள் அவை. விக்டோரியா காலத்தில் இங்கிலாந்தின் இரும்புப் பாய்க்கப்பல்களையும் இப்படி ஆணி அடித்துத்தான் கட்டினார்கள்.

ஒரு சிறுவன் உலையில் ஆணியைச் சிவக்கக் காய்ச்சிக் கொடுப்பான். கப்பலின் உட்புறம் நிற்பவர் அதைத் துளையில் செருகி, கனத்த சுத்தியலால் தலையை அழுத்திப் பிடிப்பார். வெளிப்புறம் இருவர். பெரும்பாலும் ஒருவர் வலக்கைக்காரர், மற்றவர் இடக்கைக்காரர். சிவப்பு மங்குவதற்குள் மாறி மாறி அடித்து முனையை மடக்கிவிட வேண்டும். ஆறும்போது ஆணி சுருங்கித் தகடுகளை இறுக்கிக்கொள்ளும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

நான் சொல்ல வந்தது அந்த அடியைப் பற்றித்தான். மாதக்கணக்கில் ஒரே திசை பார்த்து நிற்கும் இரும்பை அடித்துக்கொண்டே இருந்தால், பூமியின் காந்தம் அதில் ஏறிவிடும். கப்பலே பெரிய காந்தமாகிவிட்டால் திசைகாட்டி முள் எதைப் பார்த்து நிற்கும்? 1838இல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி, அயர்ன்சைட்ஸ் என்ற இரும்புப் பாய்க்கப்பலில் திசைகாட்டிக்கு அருகே காந்தங்களை வைத்து இந்தப் பிழையைத் திருத்தினார். ஆனால் கட்டும்போது அடித்த அடியால் ஏறிய காந்தம், கடலில் அலை அடிக்கும் அடியில் மாறவும் செய்யும்.

டெய்லர் என்ற கப்பலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. வாரிங்டனில் கட்டிய புதிய இரும்புக் கப்பல். 1854 ஜனவரி 19 அன்று, 650 பேரளவில் ஏற்றிக்கொண்டு லிவர்பூலிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. அதிலிருந்த திசைகாட்டிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தெற்கே போகிறோம் என்று நினைத்தார்கள்; கப்பலோ மேற்கே அயர்லாந்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 21ஆம் தேதி லாம்பே தீவின் பாறையில் மோதியது. கரை எட்டிப்பிடிக்கும் தூரம்தான். அப்படியும் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நூறு பெண்களுக்கு மேல் இருந்த கப்பலில் பிழைத்த பெண்கள் மூன்றே பேர். மாலுமிகளுக்கு அனுபவம் போதாது, புதுக் கயிறுகள் சரியாக ஓடவில்லை என்றும் காரணம் சொன்னார்கள். அவையும் உண்மையே. ஆனாலும் திசை தவறியதால்தானே பாறைக்கு வந்தார்கள்?

அதன்பின் வில்லியம் ஸ்கோர்ஸ்பி என்ற முதியவர், 1856இல் தாமே ராயல் சார்ட்டர் என்ற இரும்புக் கப்பலில் ஆஸ்திரேலியா வரை சென்று, வழிநெடுகக் காந்த மாற்றத்தை அளந்தார். இரும்பிலிருந்து விலகி, பாய்மரத்தின் உயரத்தில் ஒரு திசைகாட்டி வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர்.

நேரமாகிவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். இதேபோன்ற இரும்புப் பாய்க்கப்பலான யூடெர்ப்பியைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். 1863இல், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவில் கட்டியது. 1865இல் நம் வங்கக்கடல் புயலில் சிக்கி, பாய்மரங்களை வெட்டியெறிந்துவிட்டுத் திருகோணமலையில் ஒதுங்கியது. இன்று ஸ்டார் ஆஃப் இந்தியா என்ற பெயரில் அமெரிக்காவின் சான் டியேகோவில் மிதக்கிறது. இந்தக் காலத்திலும் அது கடலுக்குப் போய்ப் பாய் விரித்திருக்கிறது. வணக்கம்.