கயோட்டியைக் கூப்பிட்டு அடிக்கறது: டெக்சஸ் ஆட்டுப் பண்ணைக் கணக்கு

வணக்கம் மக்களே. கயோட்டின்னா ஆட்டுப் பட்டியில புகுந்து குட்டியைத் தூக்கற, நாய் இனத்துக் காட்டு மிருகம். முயல் கத்தற மாதிரியோ இன்னொரு கயோட்டி மாதிரியோ சத்தம் போட்டு அதைக் கிட்ட வரவச்சுச் சுடறதுதான் கூப்பிட்டு அடிக்கறது. நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ஆட்டைக் கொல்ற கயோட்டி வேற, முயல் கத்தற சத்தம் கேட்டதும் ஓடி வந்து குண்டடி படற கயோட்டி வேற. இது புரியலைன்னா ராத்திரி பூரா உக்காந்து பத்து கயோட்டியை அடிச்சாலும், மறுவாரமும் பட்டியில குட்டி குறைஞ்சுட்டேதான் இருக்கும்.

நான் பேசப்போறது மேற்கு டெக்சஸ். சான் ஆஞ்சலோ, சொனோரா, அந்த எட்வர்ட்ஸ் பீடபூமிப் பக்கம். அமெரிக்காவுல செம்மறியும் வெள்ளாடும் அதிகமா வளக்கற மாநிலம் டெக்சஸ், அதுல இந்தப் பீடபூமிதான் ஆட்டுக்காரங்க சீமை. கல்லு, லைவ் ஓக் மரம், ஜூனிப்பர் புதர், அப்புறம் மெஸ்கீட். மெஸ்கீட்னா வேற யாருமில்ல, நம்ம சீமைக்கருவேலத்தோட பங்காளிதான். கயோட்டி பாக்கறதுக்கு நரிக்கும் ஓநாய்க்கும் நடுவுல இருக்கும். இந்தப் பக்கம் பத்துல இருந்து பதினஞ்சு கிலோதான் தேறும், ஆனா பனிக்கால முடியோட பாத்தா இருபத்தஞ்சு கிலோ மாதிரி தெரியும். சுடற எடத்துல இந்த வித்தியாசம் உதைக்கும், அங்க சொல்றேன்.

முதல்ல சொன்ன விஷயம் என் சொந்த அபிப்பிராயம் இல்ல. வடக்கு கலிஃபோர்னியாவுல ஹாப்லண்ட்னு ஒரு ஊரு, அங்க கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கு. 1990கள்ல கயோட்டிகளுக்கு ரேடியோ பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தாங்க. செம்மறிகளை அடிச்சது பெரும்பாலும் அந்த எல்லையைச் சொந்தமா வச்சிருந்த, குட்டி போடற ஜோடி. சும்மா அலையற இளசுங்க இல்ல. அந்த ஜோடியை எடுத்தா சாவு குறைஞ்சுது. வழக்கமான முறையில சுலபமா மாட்டினதோ இளசுங்க. இன்னொரு கணக்கும் 1975ல அதே பல்கலைக்கழகத்து ஆளுங்க போட்டாங்க: மொத்தக் கூட்டத்தையே குறைக்கணும்னா வருஷா வருஷம் சுமார் 75 சதவீதத்தை எடுக்கணும். எந்தப் பண்ணைக்காரராலயும் முடியற காரியம் இல்ல. அதனால யாரு நிறைய அடிச்சாங்கன்னு பரிசு கொடுக்கற போட்டிகள் ஆட்டுக்காரருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத வேலை. நமக்கு வேண்டியது அந்த ஒரு ஜோடி.

சரி, செத்த ஆடு கிடக்குது. கயோட்டிதான் கொன்னுச்சான்னு முதல்ல உறுதி பண்ணணும். கத்தியை எடுத்துக் கழுத்துத் தோலை உரிங்க. வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது, உள்பக்கம்தான் சாட்சி. தாடைக்குக் கீழ, காதுக்குப் பின்னால, தொண்டைப் பக்கம் பல் இறங்கின ஓட்டையும், அதைச் சுத்தி ரத்தம் கட்டியும் இருந்தா, உயிரோட இருக்கும்போது கடிச்சிருக்கு. ஓட்டை இருக்கு, ரத்தக்கட்டு இல்லைன்னா, தானா செத்ததை அப்புறம் வந்து தின்னிருக்கு. கோரைப்பல் ஓட்டைகளுக்கு நடுவுல அளந்து பாருங்க, ஒண்ணேகால் இஞ்சு சுமாருக்கு வரும். பின்தொடை, விலா, காது, வால்னு கண்ட இடத்துல கிழிச்சு, நாலஞ்சு ஆட்டைக் காயப்படுத்தி, ஒண்ணையும் ஒழுங்கா தின்னாம போயிருந்தா அது பெரும்பாலும் நாய். பக்கத்து வீட்டு நாயாக்கூட இருக்கும். கால்தடமும் சொல்லும்: கயோட்டி தடம் நீளவாட்டத்துல ஒடுக்கமா, ஒரே கோட்டுல போகும். நாய்த் தடம் அகலமா, நகம் விரிஞ்சு, அங்கயும் இங்கயும் அலையும்.

அடுத்தது அந்த ஜோடி எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறது. இதுக்குத் துப்பாக்கியே வேண்டாம். பொழுது சாஞ்சதும், இல்லைன்னா விடியறதுக்கு முன்னால, காத்து இல்லாத நேரமா பாத்து ஒரு மேட்டுல நின்னு தனிக் கயோட்டி ஊளையை ஒரு தடவை விடுங்க. சைரன் சத்தத்துக்கும் பதில் கொடுக்கும். பதில் வந்த திசையைக் காம்பஸ்ல குறிச்சுக்கோங்க. ஒரு மைல் தள்ளிப் போய் இன்னொரு தடவை. ரெண்டு கோடும் மேப்புல எங்க வெட்டுதோ அதான் வட்டாரம். ஏழெட்டு கயோட்டி கத்தற மாதிரி கேட்டா மிரண்டுடாதீங்க. ரெண்டே ரெண்டு சேர்ந்து சுருதியை மாத்தி மாத்திக் கத்தினா, எதிரொலியும் சேர்ந்து ஒரு படையே இருக்கற மாதிரித்தான் கேக்கும். மூணு நாலு நாள் ஒரே இடத்துல இருந்து பதில் வந்தா, அது குடியிருக்கற ஜோடி.

இப்போ காத்து. கயோட்டி வேட்டையில முக்காவாசி இதுதான், மத்ததெல்லாம் சில்லறை. சத்தம் கேட்டு வர்ற கயோட்டி நேரா வராது. சுத்திக்கிட்டு, சத்தம் வர்ற இடத்தோட காத்து போற பக்கமா வந்து மோப்பம் பிடிச்சுட்டுத்தான் கிட்ட வரும். அதை நிறுத்த முடியாது. அது சுத்தி வர்ற இடத்தை நம்ம கண்ணு முன்னால வச்சுக்கலாம், அவ்வளவுதான். காத்து இடது பக்கத்துல இருந்து வலது பக்கமா அடிக்குதுன்னு வைங்க. ரிமோட்ல மிருகச் சத்தம் போடற எலக்ட்ரானிக் சத்தப்பெட்டியை உங்களுக்கு இடது பக்கம் 40, 50 யார்டு (ஒரு யார்டு மூணு அடி) தள்ளி வைங்க. நீங்க நடுவுல, வலது பக்கம் குறைஞ்சது 150, 200 யார்டு திறந்தவெளியா தெரியணும். பெட்டிக்குக் கீழ்க்காத்துக்கு, அதாவது காத்து போற பக்கத்துக்கு வர்ற கயோட்டி, உங்க வாசனைக் கோட்டைத் தொடறதுக்கு முன்னாலயே கண்ணுல பட்டுடும். ரெண்டு பேர் இருந்தா, ஷாட்கன் (கிட்டத்துல சுடற, சில்லு சிதறற துப்பாக்கி) வச்சிருக்கறவர் கீழ்க்காத்துப் பக்கம் உக்காரணும். காத்தைப் பாக்க வாசனை இல்லாத சாக்பீஸ் தூளை ஒரு சின்ன பாட்டில்ல போட்டு அமுக்குங்க, போதும். முகத்துக்குப் போடற பவுடர் வேண்டாம், அதோட வாசனையே காட்டிக் கொடுத்துடும்.

பள்ளத்தாக்குல உக்காந்தா இந்தக் கணக்கெல்லாம் குழம்பும். காலையில வெயில் ஏற ஏற காத்து சரிவுல மேல ஏறும், சாயங்காலம் குளிர்ந்து கீழ இறங்கும். பாறைக்கு மோதிச் சுழலவும் செய்யும். தூள் ரெண்டு பக்கமும் போச்சுன்னா அந்த இடத்துல சத்தம் போடாதீங்க, திரும்பி வந்துடுங்க. ஒரு தடவை மனுஷ வாசனையும் அந்தச் சத்தமும் சேர்ந்து மூக்குல ஏறிடுச்சுன்னா, அந்தக் கயோட்டி பாடம் படிச்சாச்சு. அப்புறம் அதே சத்தத்துக்கு லேசுல வராது.

வண்டியை மேட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்துங்க. கதவை அறையாதீங்க, உச்சியில வானம் பின்னால தெரியற மாதிரி நடக்காதீங்க. சூரியன் முதுகுப்பக்கம், பின்னால ஒரு புதர், நிழல். புதருக்குப் பின்னால ஒளிய வேண்டாம், முன்னால உக்காருங்க. அசைவுதான் காட்டிக் கொடுக்கும், அதுலயும் கை. அதனால ரிமோட்டை மடியில வைங்க, துப்பாக்கியை மூணுகால் ஸ்டாண்டுல ஏத்தி கயோட்டி வரும்னு நினைக்கற பக்கமா ஏற்கனவே திருப்பி வைங்க.

என்ன சத்தம், எப்போ? கடையில 500 சத்தம் இருக்கற பெட்டின்னு விப்பாங்க, பத்து போதும். செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் இளசுங்க தாயைப் பிரிஞ்சு அலையற காலம். முயல் கத்தற சத்தம் வச்சா ஓடி வரும். ஆனா ஆட்டுக்கு அதனால பெருசா லாபம் இல்ல. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் இணை சேர்ற காலம். அப்போ ஊளைகளுக்கு மதிப்பு, பொட்டை கூப்பிடற சத்தத்துக்கு ஆண் வரும். சினைக்காலம் 63 நாள். ஏப்ரல், மே குட்டி போட்டதும்தான் ஆட்டுக்காரருக்கு நிஜமான தலைவலி. சராசரி அஞ்சாறு குட்டி, அத்தனைக்கும் தீனி வேணும். முயலைத் துரத்தறதை விட ஆட்டுக்குட்டி சுலபம். கணக்கு அவ்வளவுதான்.

அந்த நேரத்துல முயல் சத்தம் வச்சா இந்த ஜோடி திரும்பிக்கூடப் பாக்காது. பசியைத் தொடாதீங்க, எல்லையைத் தொடுங்க. குட்டிக்குழி இருக்கற வட்டாரத்துல இருந்து 400, 500 யார்டுக்குள்ள, சத்தமில்லாம போய் உக்காருங்க. முதல்ல அந்நியக் கயோட்டியோட ஒரு தனி ஊளை. அஞ்சு நிமிஷம் அமைதி. பதில் வரலைன்னா இன்னொண்ணு. பதிலுக்குக் குரைச்சு மிரட்டுச்சுன்னா, அது நம்மளை எதிரின்னு ஒத்துக்கிச்சு. இப்போ சவால் ஊளை, அதுக்கப்புறம் கயோட்டிக்குட்டி வலியில கத்தற சத்தம். தாய் தகப்பன் ரெண்டும் வர்றது இதுக்குத்தான். ஆரம்பத்துல வால்யூம் குறைவா வைங்க. நூறு யார்டுல ஒண்ணு படுத்திருந்தா, எடுத்ததும் முழுச் சத்தம் வச்சா அது எதிர்ப்பக்கம் பறந்துடும்.

எவ்வளவு நேரம் உக்காரணும்? புதர் காட்டுல இருபது நிமிஷம், வெட்டவெளியில அரை மணி. ஊளைக்கு வர்றது மெதுவாத்தான் வரும், அதுக்கு முக்கால் மணி நேரம்கூடக் கொடுக்கலாம். நிறைய பேர் பன்னண்டாவது நிமிஷம் எந்திரிச்சு முதுகைக் காட்டும்போதுதான் அது மேட்டுல நின்னு பாத்துக்கிட்டிருக்கும். 300 யார்டுல வந்து நின்னுட்டு மேல வரமாட்டேங்குதா? சத்தத்தைக் கூட்டாதீங்க, நிறுத்துங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சு, உதட்டைக் குவிச்சு எலி கீச்சிடற மாதிரி மெல்ல ஒண்ணு.

துப்பாக்கி பத்திக் கமெண்ட்ல சண்டை போடத்தான் போறீங்க, போடுங்க. .223 ரக ரைஃபிள்ல 55 கிரெயின் (சுமார் மூணரை கிராம்) குண்டு போதும், காத்து பலமா அடிக்கற ஊருக்கு .22-250 அல்லது .243 ரகம். .223ஓட குறியை 200 யார்டுக்குச் சரி பண்ணினா நூறு யார்டுல ஒன்றரை, ரெண்டு இஞ்சு மேல போகும், முந்நூறுல ஏழெட்டு இஞ்சு கீழ விழும். நெஞ்சுக்கூடு ஆறு இஞ்சுக்கு மேல கிடையாது, மீதியெல்லாம் முடி. முதுகுக்கோட்டைப் பாத்துக் குறி வச்சா குண்டு முடியில போயிடும். அதான் முன்னாடி சொன்னேன். முன்னங்காலுக்குப் பின்னால, உடம்போட கீழ்ப்பாதிக்குப் பக்கத்துல வைங்க. ஓடிட்டு வந்தா வாயால ஒரு வுஃப், நிக்கும், அந்த ஒரு நொடிதான். சுட்டதும் எந்திரிச்சு ஓடாதீங்க. குட்டி சத்தத்தை உடனே போடுங்க, ஜோடியில இன்னொண்ணு பக்கத்துலயே இருக்கும்.

இதுல பெரிய ஆபத்து, கயோட்டின்னு நினைச்சுக் காவல் நாயைச் சுட்டுடறது. கிரேட் பிரனீஸ், அனடோலியன், அக்பாஷ் நாயெல்லாம் இந்தப் பண்ணைகள்ல ஆட்டோடயே வளரும். நீங்க விடற ஊளைக்கு முதல்ல கிளம்பறது அதுதான். பகல்ல பிரனீஸ் வெள்ளையா தெரியும். ராத்திரி தெர்மல் ஸ்கோப்புல நிறமே கிடையாது, எல்லாம் சூட்டுப் பொட்டு. ஆயிரம் யார்டுல பொட்டு தெரியும், அது என்னன்னு தெரிய இருநூறு யார்டுக்குள்ளயாவது வரணும். பனிமூட்டமோ ஈரக்காத்தோ இருந்தா அதுவும் கிடைக்காது. கயோட்டி ஓடும்போது வால் தொங்கும், நாய் பெரும்பாலும் வாலைத் தூக்கும். ஆனா வாலை நம்பிச் சுடாதீங்க. உக்கார்றதுக்கு முன்னால பண்ணைக்காரரைக் கேட்டு அத்தனை நாயையும் கொட்டகையில அடைங்க, தலையை எண்ணுங்க. பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் சொல்லுங்க. கயோட்டிக்குப் பின்னால மண்மேடு இல்லைன்னா விரலை எடுத்துடுங்க.

சட்டம் சுருக்கமா. டெக்சஸ்ல கயோட்டிக்கு சீசன் கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஆடுமாட்டைத் தாக்கற கயோட்டியை நிலத்துக்காரரோ அவர் சொன்ன ஆளோ அடிக்க வேட்டை லைசென்ஸ் வேண்டாம், மத்தபடி வேணும். பொது ரோட்டுல இருந்து சுடக்கூடாது, குண்டு அனுமதியில்லாம அடுத்தவர் எல்லையைத் தாண்டக்கூடாது. உயிரோட பிடிச்சு வேற எங்கயாவது கொண்டுபோய் விடறதுக்கும் தடை, ரேபிஸ்தான் காரணம். கலிஃபோர்னியாவுல 2019 ஜூலையில இருந்து ஈயக்குண்டே கூடாது. ஒவ்வொரு மாநிலமும் ஒரு தினுசு. தமிழ்நாட்டுல இருந்து பாக்கறவங்க நம்ம நரிமேல இதெல்லாம் முயற்சி பண்ணாதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல அது பாதுகாக்கப்பட்ட பிராணி, ஜெயிலுக்குத்தான் போவீங்க.

அடிச்சதைக் கையுறை இல்லாம தொடாதீங்க. உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, ரேபிஸ் எல்லாம் உண்டு. பொட்டையா இருந்தா வயித்தைப் பாருங்க. காம்பைச் சுத்தி முடி உதிர்ந்து, அமுக்கினா பால் வந்தா, குழி பக்கத்துலதான், ஆணும் பெரும்பாலும் இன்னும் உயிரோட இருக்கும். மறுநாள் காலையே அதே இடத்துக்குப் போகாதீங்க, வேற பக்கமா போய் உக்காருங்க. இரைப்பையைக் கீறிப் பாத்து கம்பளி முடி இருந்தா, பெரும்பாலும் குற்றவாளி கையில இருக்கு. இல்லைன்னா வேட்டை முடியலைன்னு அர்த்தம்.

ஜோடி ரெண்டும் போயிடுச்சுன்னா அந்த எல்லை காலியாவே இருக்காது, சில வாரத்துலயோ சில மாசத்துலயோ புதுசு வந்து உக்காரும். அந்த இடைவெளியில வேலியைப் பாருங்க. கயோட்டி தாண்டறதை விட நுழையறதுதான் ஜாஸ்தி. கம்பிவலைக்கு அடியில ஓடைத்தண்ணி அரிச்ச இடம், பன்னி தோண்டின இடம், அங்க கம்பியில முடி ஒட்டியிருக்கும். ரெண்டடி அகலத்துக்கு வலையைத் தரையோட தரையா வெளிப்பக்கம் மடிச்சுப் போட்டு, மேல கல்லை அடுக்குங்க. செத்த ஆட்டைக் காட்டுல போடாதீங்க, புதைங்க.

அடுத்த வீடியோல வாயால ஊதற குழல்: திறந்த ரீடு, மூடின ரீடு (ரீடுன்னா ஊதும்போது அதிர்ற மெல்லிசு தகடு), எதுல எந்தச் சத்தம் வரும்னு ஊதிக் காட்டறேன். எந்த ஊர், என்ன ஆடு வச்சிருக்கீங்கன்னு கமெண்ட்ல போடுங்க.