முடிவை முதலில் எழுதிய தயாரிப்பாளர்

நேயர்களுக்கு வணக்கம். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கும்போது, பகலில் சொற்பொழிவும் இரவில் கூத்துமாகப் பல நாள் வளரும் கதை துரியோதனன் படுகளத்தில் வந்து முடிவதைப் பார்த்திருப்பீர்கள். முடிவு ஊருக்கே தெரிந்திருப்பதால்தான் திரௌபதியின் சபதத்துக்கு அத்தனை கனம் வாய்க்கிறது.

அமெரிக்க விண்வெளித் தொடர்கள் நெடுங்காலம் பெரும்பாலும் அவ்வாறு எழுதப்படவில்லை. ஒரு வாரம் தோன்றும் சிக்கல் அந்த வாரமே தீர்ந்துவிடும். அடுத்த வாரம் எல்லோரும் பழைய நிலையிலேயே நிற்பார்கள். இந்த வழக்கத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவராக நான் கருதுவது, 1954-இல் நியூ ஜெர்சியில் பிறந்த ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கியை. கார்ட்டூன் தொடர்களுக்கு எழுதிக் கை பழகிய அவர், பல்வேறு கோள்களின் தூதர்கள் கூடிப் பேசும் ஒரு விண்வெளி நிலையத்தைக் களமாக வைத்து, ஐந்து பருவங்களில் (சீசன்களில்) முடியும் ஒரே கதையாக 'பாபிலோன் 5' தொடரைத் திட்டமிட்டார். 1993-இல் தொடருக்கு முன்னோடியாக ஒரு படம் வெளிவந்தது. 1994 முதல் 1998 வரை தொடர் ஒளிபரப்பாயிற்று. மொத்தம் 110 அத்தியாயங்கள். அவற்றில் 92 அவர் எழுதியவை. மூன்றாம், நான்காம் பருவங்களை முழுவதுமாக அவர் ஒருவரே எழுதினார்.

எழுத்தாளரே தயாரிப்பாளராகவும் இருந்ததன் பயன் இடையூறுகள் வந்தபோது வெளிப்பட்டது. நடிகர் எவரேனும் விலக நேர்ந்தாலும் கதை நிற்காதபடி, ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் வெளியேறும் வழி ஒன்றை அவர் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். முதல் பருவத்தின் நாயகன் மைக்கேல் ஓஹேர் கடுமையான மனநோயால் அவதிப்பட்டபோது, படப்பிடிப்பையே நிறுத்திவைக்க ஸ்ட்ராசின்ஸ்கி முன்வந்தார். தம்மால் மற்றவர்கள் வேலை இழக்கக் கூடாது என்று மறுத்துவிட்ட ஓஹேர், அந்தப் பருவத்தை முடித்துக்கொடுத்து விலகினார். இந்த உண்மையை அவர் உயிரோடு இருக்கும்வரை வெளியிடுவதில்லை என்று கொடுத்த வாக்கைக் காத்து, அவர் 2012-இல் இறந்த பிறகே ஸ்ட்ராசின்ஸ்கி அதைச் சொன்னார். இத்தனை பெரிய கதையைக் கட்டிய மனிதரிடம் நான் மிகவும் மதிப்பது இந்த ஒரு செயலைத்தான்.

ஐந்தாம் பருவம் கிடைக்குமா என்பது நிச்சயமில்லாமல் போனபோது, கதையின் பெரும்பகுதியை நான்காம் பருவத்துக்குள் சுருக்கி, இறுதி அத்தியாயத்தையும் அப்போதே தம் இயக்கத்தில் படமாக்கினார். நிலையத்தின் விளக்குகளை அணைக்கும் பணியாளாக அதில் அவரே தோன்றுகிறார். பின்னர் வேறொரு அலைவரிசை ஐந்தாம் பருவத்துக்கு இடம் கொடுக்கவே, அந்த அத்தியாயத்தை எடுத்து வைத்துவிட்டு, நான்காம் பருவத்தை முடிக்கப் புதிதாக ஒன்றை எழுதிச் சேர்த்தார். அவசரத்தில் சுருக்கியதன் தழும்பு ஐந்தாம் பருவத்தின் தொடக்கத்தில் தெரியத்தான் செய்கிறது.

தொடருக்கும் இணையத் தொடருக்கும் எழுத விரும்பும் நம் மாவட்டத்து இளைஞர்கள் இரண்டு இடங்களை அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். முதல் பருவத்தின் 20-ஆம் அத்தியாயத்தில், காணாமல் போயிருந்த பழைய நிலையம் ஒன்று திடீரென மீண்டும் தென்படுகிறது. அங்கே நடப்பவற்றுள் பல விளங்காமலே விடப்படுகின்றன. மூன்றாம் பருவத்தின் 16, 17-ஆம் அத்தியாயங்களில் அதே நிகழ்ச்சிகள் மறுபக்கத்திலிருந்து காட்டப்படுகின்றன. நாயகன் மாறிய பின் எழுதப்பட்டவை அவை. விலகிச் சென்ற ஓஹேரும் அவற்றில் நடிக்க வந்து, தம் பாத்திரத்தின் கதையை நிறைவு செய்துகொடுத்தார்.