ஸோனிங் மாற்றம்: வர்ஜீனியா கவுண்டி போர்டு எங்கே முடிவு எடுக்கிறது, எங்கே எடுக்க முடியாது

[திரையில்: கவுண்டி வரைபடம், வண்ணக் கட்டங்கள்]

உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி நிலத்தில் டேட்டா சென்டர் (ஆயிரக்கணக்கான கணினிகள் இயங்கும் பெரிய கட்டடம்) வரப்போகிறது என்று கேள்விப்படுகிறீர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உடனே எல்லோரும் தேடுவது கவுண்டி போர்டு உறுப்பினரைத்தான், அதாவது மாவட்டம் போன்ற அந்த உள்ளாட்சிப் பகுதியை நடத்தும் அவையின் உறுப்பினரை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரைபடம். ஒவ்வொரு மனையும் எந்த ஸோனில் (நிலப் பயன்பாட்டுப் பிரிவில்) இருக்கிறது, அங்கே எதைக் கட்டலாம் என்பது இதில் இருக்கிறது.

அந்த ஸோன் டேட்டா சென்டரை ஏற்கெனவே அனுமதித்திருந்தால், போர்டு ஓட்டுப் போடவே வாய்ப்பில்லை. மனைத் திட்டத்தை அலுவலர்கள் சரிபார்ப்பார்கள்: வடிகால், பாதை, எல்லையிலிருந்து விட வேண்டிய தூரம். எல்லாம் விதிப்படி இருந்தால் ஒப்புதல் கொடுத்தே ஆக வேண்டும். "பிடிக்கவில்லை" என்பது மறுக்கக் காரணம் ஆகாது.

டேட்டா சென்டர்கள் குவிந்த ஆஷ்பர்ன் ஊர் இருக்கும் லவுடன் கவுண்டியில் இதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. பல ஸோன்களில் டேட்டா சென்டர் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டிருந்தது. 2025 மார்ச்சில் போர்டு அந்த வழியை அடைத்தது. இப்போது புதிய விண்ணப்பம் ஒவ்வொன்றும் சிறப்பு அனுமதி கேட்டு, பொது விசாரணையைத் தாண்டி, போர்டின் ஓட்டுக்கு வர வேண்டும்.

[திரையில்: விண்ணப்பம் → அலுவலர் அறிக்கை → பிளானிங் கமிஷன் → போர்டு]

ஸோனையே மாற்றக் கேட்டால் பாதை நீளம். அலுவலர்கள் விண்ணப்பத்தை கவுண்டியின் விரிவான திட்டத்தோடு (எதிர்காலத்தில் எந்தப் பகுதி எப்படி வளர வேண்டும் என்ற வழிகாட்டி ஆவணம்) ஒப்பிட்டு அறிக்கை எழுதுவார்கள். பிறகு பிளானிங் கமிஷன். அதன் கையில் இருப்பது பரிந்துரை மட்டுமே, முடிவு போர்டுடையது. விண்ணப்பம் வந்த பிறகு நடக்கும் முதல் கூட்டத்திலிருந்து 100 நாட்களுக்குள் கமிஷன் பதில் சொல்லாவிட்டால், ஆதரவாகப் பரிந்துரைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். கமிஷன் இழுத்தடித்தால் லாபம் விண்ணப்பதாரருக்குத்தான்.

இடையில் பேரம் நடக்கும். அதற்கு இங்கே பிராஃபர் என்று பெயர். "சாலையை அகலப்படுத்தித் தருகிறேன், உயரத்தைக் குறைக்கிறேன், மரவேலி வைக்கிறேன்" என்று நில உரிமையாளர் தானாக முன்வந்து எழுதிக் கொடுப்பது. போர்டு ஏற்று ஸோனை மாற்றிவிட்டால், அந்த வாக்குறுதி நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். நிலம் கைமாறினாலும் புதிய உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். அதனால் விசாரணையில் வெறுமனே எதிர்ப்பதைவிட, "இரவு 10 மணிக்கு மேல் ஜெனரேட்டர் சோதனை கூடாது" என்பது போல, அளந்து சரிபார்க்கக்கூடிய நிபந்தனையைக் கேளுங்கள். "சத்தம் நியாயமாக இருக்கும்" என்று எழுதிய பிராஃபரை பின்னாளில் எந்த அலுவலரும் அமல்படுத்த முடியாது.

[திரையில்: நாளிதழ் அறிவிப்புப் பக்கம்]

அடுத்தது, பலர் சலிப்போடு கடந்துபோகும் பகுதி: அறிவிப்பு. பொது விசாரணைக்கு முன் நாளிதழில் சட்டம் சொன்ன இடைவெளியில் விளம்பரம் வர வேண்டும். பக்கத்து மனை உரிமையாளர்களுக்குக் குறைந்தது 5 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இதில் தவறினால் என்ன ஆகும்? பிரின்ஸ் வில்லியம் கவுண்டியைப் பாருங்கள். மனாசஸ் போர்க்களப் பூங்காவை ஒட்டிய 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை டேட்டா சென்டருக்காக ஸோன் மாற்ற, 2023 டிசம்பரில் ஒரு நாளுக்கு மேல் நீண்ட விசாரணை. ஓட்டு 4-3, ஒருவர் ஓட்டளிக்கவில்லை. 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த மாற்றம் செல்லாது என்றது. காரணம், விசாரணை அறிவிப்பு சட்டப்படி வெளியாகவில்லை. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது.

ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிக்கும் இதே மாதிரி அடி விழுந்தது. 2021 மார்ச்சில் பெருந்தொற்றின்போது இணையவழிக் கூட்டத்தில் நிறைவேற்றிய புது ஸோனிங் விதித்தொகுப்பையே 2023 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்படிப்பட்ட கூட்டத்தில் அதை நிறைவேற்ற அதிகாரமில்லை என்பதுதான் காரணம். மே மாதம் போர்டு நேரடிக் கூட்டம் கூட்டி மறுபடி நிறைவேற்றியது.

[திரையில்: நாள்காட்டி]

போர்டின் ஓட்டை எதிர்த்து வழக்குப் போட வேண்டுமானால், முடிவு வந்த நாளிலிருந்து 30 நாள்தான். ஆகவே அறிவிப்பு வெளியான பக்கத்தையும், உங்களுக்கு வந்த கடிதத்தின் உறையையும் தேதியோடு எடுத்து வையுங்கள்.